குள்ளர் வூட்டுக்கு வழி: கல்வராயன் மலையில் ஒரு பனிக் காலை

ஏற்காட்டில் அறை கிடைக்கவில்லை. இந்தப் பயணத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. போன கார்த்திகையில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுமுறை வந்தது. அங்கே ஒரு அறைக்குச் சொன்ன வாடகையைக் கேட்டதும் எனக்கு மலையே வேண்டாம் என்றாகிவிட்டது. என் வீட்டுக்காரர்தான், "நம்ம பக்கத்துலயே கல்வராயன் மலை இருக்கே, அங்க கல்திட்டைங்க இருக்காம், பாத்துட்டு வரலாமா?" என்றார். விழுப்புரத்தில் இருந்துகொண்டு இத்தனை வருடம் அந்த மலையைப் பேருந்து ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறோம். வெட்கம்தான்.

கல்திட்டை தெரியாதவர்களுக்கு: பெருங்கற்காலத்து மனிதர்கள் செத்தவர்களுக்காகக் கட்டிய கல் வீடு. மூன்று பக்கமும் பலகைக் கற்களை நட்டு, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாகப் போட்டிருப்பார்கள். மலைமேல் இதைக் குள்ளர் வூடு என்கிறார்கள். இத்தனை சின்ன வீட்டில் வேறு யார் குடியிருந்திருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. என் வீட்டுக்காரருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. ஒரு காய்ச்சலில் போனது. வலது காது நன்றாகவே கேட்கும். ஆனால் ஒற்றைக் காதால் கேட்பவருக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது. வீட்டில் அவர் போன் அடித்தால் சமையலறையில் ஆரம்பித்து பீரோ வரை தேடுவார், போன் சட்டைப்பையில் இருக்கும். பிள்ளைகளும் நானும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் காலை ஆறரைக்குக் கள்ளக்குறிச்சியில் இறங்கினோம். பேருந்து நிலையத்துக்கு எதிரே பொங்கல், வடை, காபி, இரண்டு பேருக்கு நூற்று நாற்பது ரூபாய். கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அவருக்கு மட்டும் எடுத்தோம். அதைச் சொல்லிச் சொல்லியே வழி நெடுக அவரை வெறுப்பேற்றினேன். சுமார் பதினைந்து கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கரும்பு.

கோமுகி அணை அங்கிருந்து பக்கம்தான், தவறவிடாதீர்கள். நாங்கள் போன காலையில் தண்ணீரே தெரியவில்லை. கரைக்குக் கரை பனி நிரம்பி நின்றது. ஒரு கொக்கு அதற்குள் இறங்கியது. வெளியே வரும், படம் எடுக்கலாம் என்று பத்து நிமிடம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

மலைக்குப் பேருந்து உண்டு, ஆனால் நேரம் பார்த்து நிற்க வேண்டும். நாங்கள் வாடகைக் கார் பேசிக்கொண்டோம், நாள் முழுக்க இரண்டாயிரத்து இருநூறு. டிரைவர் பெயர் சகாயம். முப்பத்தைந்து வயது இருக்கும், வாய் ஓயாத மனிதர். கல்திட்டை என்றதும் அவரே வழி காட்டுவதாகச் சொன்னார்.

"பேய் கீய்லாம் நமக்கு ஆவாதுக்கா. ஞாயித்துக்கெழமையானா மாதா கோயிலுக்குப் போறவன் நானு. அந்தக் கல்லாண்ட ராத்திரில கூட தனியா குந்திக்கினு இருப்பேன்" என்றார்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வெள்ளிமலை சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழியில் பெரியார் அருவி ரோட்டோரமாகவே விழுகிறது. தண்ணீர் ஜில்லென்று எலும்பைத் தொட்டது. குளிப்பதானால் மாற்றுத் துணியை மறக்க வேண்டாம். வெள்ளிமலையில் டீ குடித்துவிட்டு மேலும் கொஞ்ச தூரம் போய் ஒரு சின்ன ஊரில் காரை விட்டோம். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. புதையல் தோண்டுகிறேன் என்று கடப்பாரையோடு கிளம்பும் புண்ணியவான்களும் வலைப்பதிவு படிக்கிறார்கள்.

அங்கிருந்து மரவள்ளிக் கொல்லைகளைத் தாண்டி நாற்பது நிமிட நடை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து, "குள்ளர் வூட்டுக்கா? பாத்துட்டு வெரசா வந்துருங்க, பனி எறங்கும்" என்றாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் தலையாட்டிவிட்டுப் போனோம்.

கல்திட்டைகள் ஒரு சரிவான பாறையில் இருந்தன. எட்டோ பத்தோ, சிலது சாய்ந்து, சிலது மூடி உடைந்து. எல்லாவற்றின் வாயும் நாங்கள் ஏறி வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே முழங்கால் உயரத்துக்குச் சருகு. கடைசியில், பாறை முடியும் இடத்தில் இருந்த ஒன்றில் மட்டும் ஒரு இலைகூட இல்லை. யார் பெருக்குகிறார்கள் என்று சகாயத்தைக் கேட்டேன். "காத்துதாங்க்கா" என்றார். மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டுமா காற்று பெருக்கும்? அதற்குப் பின்னால் நாலடியில் பாறை செங்குத்தாக முடிந்துவிடுகிறது. கீழே எங்கோ ஓடை விழும் சத்தம். எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை, போகலாம் என்றேன். என் வீட்டுக்காரர் "ரெண்டே ரெண்டு போட்டோ" என்று பாறையின் மறுபக்கம் போனார்.

அப்போதுதான் பனி வந்தது. மேலிருந்து இறங்கவில்லை, பள்ளத்திலிருந்து ஏறியது. ஒரு நிமிடத்தில் சகாயத்தின் முகமே எனக்குத் தெரியவில்லை.

"என்னங்க!" என்று கத்தினேன்.

"இதோ வர்றேன்!" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். "வர்றேன், வர்றேன்!" குரல் இன்னும் தள்ளிப் போயிருந்தது.

"சார்! இந்தாண்ட வாங்க சார்! அந்தாண்ட பள்ளம் சார்!" என்று சகாயமும் கத்தினார். அதற்கும் "தோ வந்துட்டேன்" என்றே பதில். ஓடைச் சத்தத்தில் எங்கள் சொல் எதுவும் அவருக்குப் புரியவில்லை, யாரோ கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும்தான் கேட்டிருக்கிறது. நகராதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தப் பக்கம் ஒரு கல் உருண்டது, ரொம்ப நேரம் கழித்துத்தான் அது கீழே விழுந்த சத்தம் வந்தது.

நான் கூப்பிடக் கூப்பிட அவர் நடக்கிறார். எந்தப் பக்கம் என்று தெரியாமல் நடக்கிறார். பள்ளத்தை நோக்கி அவரை அனுப்பிக்கொண்டிருப்பது நான்தான்.

சகாயத்தின் வாயைக் கையால் பொத்தினேன்.

"இன்னாக்கா பண்ற? கூப்புடுக்கா!"

"மூச் விடாத. நாம கூப்ட்டா அவர் நடப்பாரு. கூப்டலேன்னா நின்னுடுவாரு."

அவர் கூப்பிட்டார். "எங்க இருக்க?" நான் பேசவில்லை. "ஏய், வெளையாடாத!" என்றார் கோபமாக. அப்புறம் கோபம் போய்விட்டது. "எங்கடி இருக்க, ஒரு சத்தம் குடும்மா" என்றார். அந்தக் குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் சகாயம் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார், உதடு மட்டும் அசைய. கொஞ்ச நேரத்தில் அவர் கூப்பிடுவதும் நின்றுபோனது. நின்றுவிட்டாரா, விழுந்துவிட்டாரா? அரை மணி நேரம் இருக்கும், அதைவிடக் கொடுமையான அரை மணி நேரம் எனக்கு வாய்க்க வேண்டாம்.

பனி விலகியதும் ஓடினோம். கடைசிக் கல்திட்டைக்குள், அந்தச் சுத்தமான தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பின்னால் பாறை விளிம்பு வரை ஈரத்தில் அவர் செருப்புத் தடம் போய், திரும்பி வந்திருந்தது. "வந்துட்டியா" என்று சிரித்தார். நான் முதுகில் ரெண்டு போட்டேன். அதற்கும் சிரித்தார்.

காரில் மலையிறங்கும்போதுதான் சொன்னார். "மொதல்ல நீ கூப்ட்டது எந்தப் பக்கம்னே தெரியல. அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல, பயந்தே போயிட்டேன். கடைசியா ஒரு தடவ கூப்ட்ட பாரு, அது மட்டும் தெளிவா, கிட்டக்க. 'சேகர், அங்க போகாத, உள்ள வந்து உக்காரு'ன்னு. அதப் புடிச்சுக்கிட்டே வந்துட்டேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பதினாறு வருஷத்துல இன்னிக்குத்தான் என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டிருக்க" என்றார். அத்தனை சந்தோஷம் அந்த முகத்தில். சகாயம் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சகாயத்துக்கு என் வீட்டுக்காரர் 'சார்'தான், பெயர் என்னவென்று கேட்கவே இல்லை. அந்தப் பாறையில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை.

"ஆமா, நான்தான்" என்றேன். சகாயம் ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: தை, மாசி நல்லது, கார்த்திகை, மார்கழியில் கல்திட்டைப் பக்கம் போகாதீர்கள். வழுக்காத செருப்பு வேண்டும். வெள்ளிமலையைத் தாண்டினால் சிக்னலை நம்பாதீர்கள், கையில் ரொக்கம் இருக்கட்டும். காட்டுக்குள் நடப்பதானால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கற்களை நகர்த்தாதீர்கள். பனி சூழ்ந்தால் நின்ற இடத்திலேயே உட்காருங்கள், யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதீர்கள்.

அது என்ன குரல் என்று எனக்குத் தெரியாது. என் தாலியைக் காப்பாற்றிய குரல் அது, கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது. ஆனாலும் நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. அவரோ ஊரெல்லாம், "எனக்குக் காது எதுக்கு, என் பொண்டாட்டி குரல் போதும், எந்தப் பனியிலயும் வழி கண்டுபுடிப்பேன்" என்று சொல்லித் திரிகிறார். அந்தத் தைரியத்தில் வரும் சனிக்கிழமை ஆபீஸ் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு அதே பாறைக்குக் கிளம்புகிறார். எத்தனையோ முறை தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்து உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிப்பவர் அவர், அதனால் இங்கே சொல்கிறேன்.

சேகர், போக வேண்டாம். அன்றைக்கு உங்களைக் கூப்பிட்டது நான் இல்லை.