நாலாயிரத்து முந்நூற்று இருபதாவது பிளாக்

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் கெடுக்காரர். சும்மா வந்த பெயரில்லை, உழைத்துச் சம்பாதித்தது. கிரிப்டோ பணம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், எப்போது கதவைச் சாத்த வேண்டும் என்று விதி எழுதுவதுதான் அவர் வேலை. அவர்கள் கட்டிய அமைப்பில், அனுப்பிய பணத்தை வாங்குகிறவர் தானே கை வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். கெடுவுக்குள் எடுக்காவிட்டால் அது அனுப்பியவரிடமே திரும்பிப் போய்விடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

மனுஷருக்கு வீட்டிலும் அதே புத்திதான். சினிமாவுக்குப் போனால் படம் ஆரம்பிக்க அரை மணி நேரம் முன்னாலேயே நாற்காலியில் இருக்க வேண்டும். "இவர் மூச்சு விடறதுக்கும் டைம்டேபிள் வச்சிருக்கார்" என்பாள் மனைவி.

கெடுவை மணிக்கணக்கில் வைப்பதா, பிளாக் கணக்கில் வைப்பதா என்று அலுவலகத்தில் மூன்று வாரம் சண்டை நடந்தது. பிளாக் என்பது எல்லாருடைய கொடுக்கல் வாங்கலையும் எழுதும் பொதுக் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் மாதிரி. ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் எழுதப்படும். அந்த 'ஏறக்குறைய'தான் வம்பு. எழுதும் இயந்திரங்கள் கூடினால் பக்கங்கள் வேகமாக நிரம்பும், குறைந்தால் மெதுவாக.

"சாதாரண ஜனங்களுக்கு மணிதானே சார் தெரியும்? பிளாக்கை யார் சார் எண்ணிட்டு இருப்பாங்க?" என்று கேட்டாள் எதிர் மேஜைக் கண்ணாடிக்காரப் பெண்.

"ஒவ்வொரு மெஷின்லயும் கடிகாரம் ஒவ்வொண்ணு சொல்லும்மா. பிளாக் நம்பர் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவர்தான் ஜெயித்தார். ஒரு வருஷத்துக்குமேல் கெடு கிடையாது என்ற விதியும் அவர் போட்டதுதான். "வேணும்னு நினைக்கிறவன் ஒரு வருஷத்துல எடுக்க மாட்டானா?" என்றார். அதற்குப் பிறகு யாராவது வாய் தவறி நாள் என்று சொன்னால் போச்சு. "நாள்னு சொல்லாதே, பிளாக்னு சொல்லு" என்று பிடித்துக்கொள்வார்.

இவருக்கு ஒரே தம்பி. வேறு ஊரில், ரொட்டி செய்யும் பேக்கரியில் அடுப்படி வேலை. அம்மா இறந்தபோது, நாலு மணிக்கு எடுத்துவிடுவோம் என்று தம்பிக்குச் சொல்லியிருந்தார். வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. "இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே, பாவம், வந்துட்டு இருக்காரு" என்று மனைவி கெஞ்சினாள். இவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு அடித்ததும் எடுக்கச் சொல்லிவிட்டார். தம்பி வந்து இறங்கியபோது நாலு நாற்பது. அம்மா முகத்தை அவன் பார்க்கவே இல்லை. வாசலில் நின்று அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே போனான். ஐந்து வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. போன் எடுக்க மாட்டான்.

அந்த ஐந்து வருஷமும் அவர் நெஞ்சில் முள்ளாக உட்கார்ந்திருந்தது. வெளியே சொல்ல மாட்டார், அழுத்தக்காரர். அம்மாவின் வீட்டை விற்றபோது தம்பியின் பாதியை பாங்கில் போடாமல் இந்த வழியில் அனுப்பினார். பாங்கு என்றால் கேட்காமலே போய் விழும். இதில் அவன் கை நீட்டி எடுக்க வேண்டும். எடுத்தால் மன்னித்துவிட்டான் என்று அர்த்தம். அவருக்கு வேண்டியது அதுதான்.

கெடு நாலாயிரத்து முந்நூற்று இருபது பிளாக். பத்து நிமிடக் கணக்கில் சரியாக முப்பது நாள். தம்பிக்கு பிளாக்கைப் பற்றி என்ன தெரியும்? அதனால் கடிதத்தில், எப்படி எடுப்பது என்று ஒவ்வொரு படியாக விளக்கிவிட்டு, இப்படி முடித்தார்: "இருபதாம் தேதி சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டைம் இருக்குடா. அவசரமில்லை. யோசிச்சு எடுத்துக்கோ."

ஊரையே நாள் என்று சொல்லாதே என்று அதட்டியவர், தன் தம்பிக்கு நாள் சொன்னார்.

நாலாம் நாள் திரையில், 'பெறுபவர் பார்த்தார்' என்று வந்தது. மறுவாரம் இன்னொரு தடவை. பார்க்கிறான், எடுக்கவில்லை. வீம்பு பிடித்தவன், அப்படித்தான் இழுப்பான் என்று மனைவியிடம் சிரித்தபடி சொன்னார். அந்த மாதம் புது இயந்திரங்கள் சேர்ந்து பிளாக்குகள் சற்று வேகமாக ஓடின. நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை. அலுவலகத்தில் அவரே அதைப் பார்த்து, நல்ல விஷயம் என்று குறித்தும் வைத்தார். தம்பியின் கெடு ஞாபகத்துக்கு வரவில்லை.

இருபதாம் தேதி மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து திரையைத் திறந்தார். இரண்டு வரிகள் இருந்தன. காலை ஒன்பது நாற்பதுக்கு, 'கெடு முடிந்தது, தொகை அனுப்பியவருக்குத் திரும்பியது.' பன்னிரண்டு பத்துக்கு, 'பெறுபவர் எடுக்க முயன்றார். கெடு கடந்ததால் ஏற்கப்படவில்லை.'

"ஐயோ!" என்று கத்தியே விட்டார். கண்ணாடிக்காரப் பெண் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். அவருக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

தம்பியைப் போனில் கூப்பிட்டார். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பி எடுத்தான்.

"தம்பி, அது வந்து... பிளாக் வேகமா..." என்று ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நான் லேட்டா வந்தேன். சரி, தப்பு என்னோடதுதான்னு வச்சுக்குவோம்," என்றான் தம்பி. சத்தம் போடவில்லை. "இன்னைக்கு ஆறு மணி நேரம் முன்னாடியே வந்தேனேண்ணே. சாப்பாட்டு நேரத்துல மாவுக் கையைக் கழுவிட்டு ஓடி வந்தேன். உன்கிட்ட எப்பதான்ணே வர்றது?"

"டேய், நான் மறுபடியும் அனுப்பறேன்டா..."

"வேணாம்ணே. நீ நல்லா இரு."

போனை வைத்துவிட்டான். அப்புறம் எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை. நேரிலும் போனார். அடுப்படியிலிருந்து தம்பி வெளியே வரவில்லை.

மறுபடி அனுப்பினார். கெடுவே இல்லாமல் அனுப்பத்தான் ஆசைப்பட்டார். விதியில் இடமில்லை, ஒரு வருஷம்தான் உச்சம். விதியை மாற்றச் சொல்லிக் கூட்டத்தில் கேட்டபோது, "வேணும்னு நினைக்கிறவன் ஒரு வருஷத்துல எடுக்க மாட்டானா?" என்ற அவருடைய பழைய வார்த்தைகளையே எடுத்து அவரிடம் படித்துக் காட்டினார்கள். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

ஒவ்வொரு வருஷமும் பணம் அவரிடமே திரும்பி வருகிறது. வந்த அன்றே மறுபடி அனுப்பிவிடுகிறார். இதுவரை மூன்று தடவை வந்துவிட்டது. 'பெறுபவர் பார்த்தார்' என்ற வரி அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை.