நல்லாப் பார்த்துச் சொல்லுங்க

ஸ்ரீரங்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவரின் முகத்தைப் பார்த்து, எந்த ஃபிரேம் பொருந்தும் என்று எடுத்துக் கொடுப்பது என் வேலை. வீடு தென்னூரில். கடையை விட்டுக் கிளம்ப இரவு எட்டு மணியாகிவிடும். பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் மெயின் ரோடு வரைக்கும் வந்து, அங்கிருந்து எங்கள் தெருவுக்குள் நடக்க வேண்டும். பல வருஷமாக நடந்த வழி. அந்த நடையைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அது மார்கழி மாதம். பெருமாள் கோயிலுக்கு வெளியூர்க் கூட்டம் அதிகம் என்பதால் கடையிலும் நல்ல வியாபாரம். நின்று நின்று கால் கடுத்துப் போய் தெருவுக்குள் திரும்பினேன். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருக்கும் விளக்கு எரியவில்லை. பின்னால் ஒரு பைக் வந்தது, வேகம் குறைந்தது. யாரோ அட்ரஸ் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துத் திரும்பப் போனேன். அதற்குள் கழுத்தில் ஒரு கை.

சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விட்டுவிட வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. பைக் என்னைக் கொஞ்சதூரம் இழுத்துக்கொண்டு போனது. பிறகு சங்கிலி அறுந்தது, நான் விழுந்தேன். தெருமுனையில் பைக் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

எதிர்வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டைச் சாத்த வந்தவர், என்னைப் பார்த்துவிட்டுக் கைலியோடு ஓடி வந்தார்.

"யம்மா, எந்திரிங்க. என் கையைப் பிடிச்சுக்கங்க. தலையில அடி இருக்கா? பேசுங்கம்மா."

அவர்தான் என்னைத் தூக்கி நிறுத்தினார். அவர் குரல் கேட்டுத்தான் என் வீட்டுக்காரரும் காலேஜில் படிக்கும் என் மகளும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். முழங்கையும் முட்டியும் தோல் உரிந்து ரத்தம். தாலியும் இரண்டு குண்டும் ஜாக்கெட்டுக்குள் விழுந்து கிடந்தன. சங்கிலி போய்விட்டது. "தாலி தப்பிச்சுதே, அது போதும்" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. கழுத்தைச் சுற்றி, சங்கிலி இருந்த இடத்தில், சிவப்பாக ஒரு கோடு எரிந்துகொண்டே இருந்தது.

ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ் பொறுமையாகக் கேட்டார். "முகம் பாத்தீங்களா?"

"ஓட்டுனவன் ஹெல்மெட் போட்டிருந்தான்ங்க."

"பின்னாடி இருந்தவன்?"

"பாத்த மாதிரிதான் இருக்கு. ஒல்லியா இருந்தான்."

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்கும்போது ஏதாவது சொல்லத் தோன்றியது. சொன்னதும் எனக்கே பார்த்தது போல ஆகிவிட்டது. மறுநாள் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னேன். தெருக்கோடி வீட்டுக் கேமராவில் மங்கலாக ஒரு பைக்கும், பின்னால் கட்டம் போட்ட சட்டையும் தெரிந்தன. ஒரு வாரத்துக்குள் அவன் ஒல்லியானவன், உயரமானவன், கட்டம் போட்ட சட்டைக்காரன் என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்தவனாகிவிட்டான்.

மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோர்த்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். பயம் கூடவே வந்தது. பின்னால் பைக் சத்தம் கேட்டால் பக்கத்தில் இருக்கும் வீட்டுப் படியில் ஏறி, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பேன். அது போன பிறகுதான் இறங்குவேன். கடையில் ஒருநாள் ஒரு பையன் ஹெல்மெட்டோடு உள்ளே வந்து, ஃபிரேமைக் காட்டக் கையை நீட்டினான். நான் பின்னால் போன வேகத்தில் ஃபிரேம் தட்டு கவிழ்ந்து எல்லாம் தரையில் சிதறின. அவன் பாவம், குனிந்து பொறுக்கிக் கொடுத்தான். மகள் சாயங்காலம் போய்க்கொண்டிருந்த கோச்சிங் கிளாஸை நிறுத்திவிட்டேன். அவள் அழுதாள். என் மனசு மாறவில்லை.

எதிர்வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார். ராத்திரியில் நாலைந்து பேர் முறை போட்டு டார்ச்சும் விசிலும் கம்புமாகச் சுற்றினார்கள். முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் குரூப்பில் படங்கள் வர ஆரம்பித்தன. பெட்ஷீட் விற்கிறவர், பழைய பேப்பர் எடுக்கிறவர், போன் பேசிக்கொண்டே நின்ற யாரோ ஒருவர். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் 'இவன் யாரு?' என்று ஒரு கேள்வி. முன்பெல்லாம் எங்கள் தெருவில் இத்தனை அந்நியர்கள் நடமாடுகிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. இப்போது எல்லோரும் கண்ணில் பட்டார்கள், எல்லோரையும் பார்த்துப் பயமாக இருந்தது.

தை பிறந்து சில நாள் இருக்கும். சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கீழே விசில் சத்தம், பிறகு ஆட்கள் ஓடும் சத்தம். என் வீட்டுக்காரரின் போன் அடித்தது.

"சார், ஒருத்தன் மாட்டிக்கிட்டான். அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

காம்பவுண்டுச் சுவரோடு ஒருவனைச் சேர்த்துப் பிடித்திருந்தார்கள். இருபத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லி. கட்டம் போட்ட சட்டை. உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. அவன் காலரைப் பிடித்திருந்தவர் எதிர்வீட்டுக்காரர். என்னைத் தூக்கி நிறுத்திய அதே கை.

"ஒவ்வொரு வீடா நின்னு நின்னு பாத்துக்கிட்டு வரான்மா. கேட்டா முழிக்கிறான்."

"நான் தொறையூர் பக்கங்க. புத்தூர் ஆஸ்பத்திரியில என் வீட்டுக்காரியைச் சேர்த்திருக்குங்க. தங்கறதுக்கு ரூம் கெடைக்குமான்னு பாத்துக்கிட்டு வந்தேன்" என்றான் அவன். "அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா."

"ரூம் பாக்க இந்த நேரத்துல வருவியா?" என்று யாரோ அவன் தலையில் தட்டினார்கள்.

எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நீங்க தினமும் முகம் பாத்துக் கண்ணாடி குடுக்கறவங்க. உங்களுக்குத் தெரியாதா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இவன்தானே?"

நாலைந்து போன் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. பார்த்தேன். அகலமான நெற்றி, ஒட்டிய கன்னம், ஒரு புருவத்தில் சின்னத் தழும்பு. இதை அந்த ராத்திரியின் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க மனசுக்குள் தேடினேன். அங்கே எதுவும் இல்லை. ஒரு கை இருந்தது, பைக்கின் சிவப்பு விளக்கு இருந்தது. முகம் என்று இத்தனை நாள் நான் வைத்திருந்தது ஒல்லி என்ற ஒரு வார்த்தை மட்டும்தான். அது இவனுக்கும் பொருந்தியது, பக்கத்தில் கம்போடு நின்ற இரண்டு பேருக்கும் பொருந்தியது.

'தெரியவில்லை' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "அவங்களுக்குத் தெரியலைன்னா விடுங்க. நாம கேக்கற விதத்துல கேட்டா அவனே சொல்லிடுவான்."

"இவர் இல்ல" என்றேன்.

"நிச்சயமாவாம்மா?"

"நிச்சயமா இவர் இல்ல. அவன் வேற."

எதிர்வீட்டுக்காரருக்குக் காலரை விட மனசு வரவில்லை. "உங்களுக்காகத்தாம்மா இவ்வளவும் பண்றோம்" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அந்தக் குரலில் இருந்தது. என் வீட்டுக்காரர் நடுவில் போய் அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "நான் ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டுட்டு வரேன்" என்று அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

பைக் தெருமுனையில் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன்தானோ? நானே காப்பாற்றி, என் புருஷனின் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்து அனுப்பியிருக்கிறேன். புத்தூர் ஒன்றும் தூரமில்லை. பத்து நிமிஷத்தில் போய் வந்துவிடலாம். அரை மணி நேரம் ஆயிற்று. போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டாரும்மா" என்றாள். எதிர்வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லலாமா என்று வாசல் வரை போனேன். என்னவென்று சொல்வது?

பைக் சத்தம் கேட்டபோது ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். அவர்தான்.

"பொய் சொல்லலடி அவன்" என்றபடி படியேறி வந்தார். "நேத்துத்தான் குழந்தை பொறந்திருக்கு, ஆபரேஷன் பண்ணி. வராந்தாவுல மாமியார்க்காரி உட்காந்திருக்கு. உதட்டைப் பாத்துப் பதறிடுச்சு. பைக்குல இருந்து விழுந்துட்டேன்னு சொன்னான். என்னைப் பாத்தான். நானும் ஆமான்னு சொன்னேன். தையல் போடற வரைக்கும் கூட இருந்துட்டு வந்தேன்."

தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார். "உனக்கு எப்படி அவ்வளவு உறுதியாத் தெரிஞ்சுது?"

"தெரியாதுங்க. அன்னைக்கு நான் யார் முகத்தையும் பாக்கல."

அவர் டம்ளரை வைத்துவிட்டுப் போய் வாசல் கதவைத் தாழ் போட்டார். "வெளியில சொல்லிக்கிட்டு இருக்காத" என்றார்.

எதிர்வீட்டுக்காரர் சில நாள் என்னைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். அந்தப் பையனைப் பற்றி என் வீட்டுக்காரர் போய்ச் சொன்னபோது, "அப்படியா" என்று மட்டும் சொன்னாராம். அதன்பின் கம்போடு சுற்றுவது தானாகவே குறைந்தது. ஒருவருக்கு நைட் ஷிப்ட், ஒருவருக்கு உடம்பு சரியில்லை. டிரான்ஸ்பார்மர் பக்கத்து விளக்கை மாற்றச் சொல்லி அலைந்து மாற்ற வைத்தது மட்டும் அவர்தான்.

மாசியில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வேறொரு ஊரில் சங்கிலி பறித்த இரண்டு பேரைப் பிடித்திருந்தார்கள். அந்தப் பெண் போலீஸ் போனில் படத்தைக் காட்டினார். "மேடம், நான் முகத்தைப் பாக்கலங்க. முன்னாடி சொன்னது தப்பு" என்றேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "நெறைய பேர் அப்படித்தான் சொல்வாங்க" என்று போனை மேஜையில் வைத்துவிட்டார். சங்கிலி இதுவரை கிடைக்கவில்லை.

மகளின் கிளாஸை மறுபடி தொடங்கச் சொல்லிவிட்டேன். மெயின் ரோடு வரை வந்து நிற்கிறேன் என்றதற்கு, "வேணாம்மா, நீ வந்தா எனக்கும் பயம் வந்துடும்" என்றாள். அதனால் எனக்கு விடுமுறை நாளில் மாடியில் நிற்கிறேன். கீழே யார் யாரோ போகிறார்கள். எவன் என்னவென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. அவள் தெருமுனையில் திரும்பி, கையைத் தூக்கி ஆட்டிய பிறகுதான் உள்ளே போய் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறேன்.