மருந்து அறைக் கணினி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, என் பங்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஜாசின் என்கிற சின்ன ஊரில் ஒரு கிளினிக். ஆறு கணினிகளுக்கும் நெட்வொர்க் முகவரியைக் கையால் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முகவரியை ரூட்டரிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும்படி எல்லாவற்றையும் மாற்றினேன். திங்கள் காலை யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. பாஸ்வேர்டை அடித்தால் சர்வரைக் காணோம் என்கிறது, நோயாளிகள் வாசல் வரை நிற்கிறார்கள், டாக்டர் என்னையே பார்க்கிறார்.

மருந்து அறையில் வேலை செய்யும் ஸ்டெல்லா அக்கா சனிக்கிழமைதான் தன் பாஸ்வேர்டை மாற்றியிருந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், "இவங்க எதையோ மாத்திட்டாங்க டாக்டர், அதான்" என்றேன்.

எல்லார் முன்னாலும் டாக்டர் அவரைத் திட்டினார். "நான் ஒன்னும் தொடல லா தம்பி" என்று அக்கா என்னிடம்தான் சொன்னார். நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அரை மணி கழித்து, சோதிப்பதுபோல் காட்டிக்கொள்ள மருந்து அறைக்குப் போனேன். அவர் கணினி மட்டும் அவர் பெயரில் லாகின் ஆகி, சர்வரோடு பேசிக்கொண்டிருந்தது. எப்படி என்று உள்ளே பார்த்தபோதுதான் புரிந்தது: சர்வரை எங்கே தேடுவது என்று சொல்லும் எண்ணை ரூட்டரில் நான்தான் தப்பாகப் போட்டிருக்கிறேன். இதையும் ஞாயிறன்று மாற்றியிருந்தேன், ஆனாலும் இந்தக் கணினியில் மட்டும் சரியான எண். அதைப் பார்த்துத் திருத்தினேன், மற்றவற்றை ரீஸ்டார்ட் செய்தேன், எல்லாம் ஓடியது. டாக்டர் என் தோளில் தட்டினார். நான் தலையாட்டி ஏற்றுக்கொண்டேன்.

திரும்பப் போய் அந்தக் கணினியின் பின்பக்கம் பார்த்தேன். வைஃபை இல்லாத பழைய பெட்டி. நெட்வொர்க் கேபிள் அதில் செருகப்படவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கழற்றி மறந்துபோனது, மேசைக்கடியில் சுருண்டு கிடந்தது. சர்வர் பதிவில் அன்று அவர் பெயரில் ஒரே ஒரு லாகின். அவர் கிளினிக்கை விட்டுப் போய்க் கால் மணி நேரத்துக்குப் பிறகு.

அக்கா வேலைக்குத் திரும்பவில்லை. சில மாதம் கழித்து ஜாசின் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். ஒதுங்கப் பார்த்தேன், அவரே கூப்பிட்டார்.

"கோவமெல்லாம் இல்ல தம்பி. அன்னைக்கு பஸ்ல உக்காந்து, நெசமாவே நாந்தான் தப்பு பண்ணிட்டேனோன்னு, மடியில வெரலால அந்த பாஸ்வேர்ட அடிச்சு பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு லா."

எத்தனை மணி பஸ் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.