நாலு மணிக்கு முன்னம்

பிரதேச சபைத் தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில்தான் கமறியாவுக்கு அந்த வேலை கிடைத்தது. பாலாவி உப்பளத்தில் நாள் முழுக்க வெயில் குடிக்கிறவளுக்குக் கூரைக்குக் கீழே ஒரு நாள் வேலை என்பதே பெரிய காரியம். வாக்களிப்பு நடக்கிற பள்ளிக்கூடத்தைக் கூட்டிக் கழுவ வேண்டும். உத்தியோகத்தர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். முகம் மூடி வருகிற பெண்களை மறைப்புக்குள் கூட்டிப்போய், பெண் அலுவலருக்கு முன்னால் முகத்தைக் காட்டச் செய்ய வேண்டும். அதற்கு ஊர்ப் பெண் ஒருத்தி நின்றால் தோது என்று புதிதாக மாற்றலாகி வந்த கிராம சேவகர் அவளுடைய பெயரைக் கொடுத்திருந்தார். கிடைக்கிற காசு மகள் றுஷ்னாவின் மூக்குக்கண்ணாடிக்கு. பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் போய் எட்டு மாதம். பக்கத்தில் இருக்கிறவளின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுகிறாள்.

கமறியாவின் கணவன் ஹயாத்து முகம்மது கடலில் போய் இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. உச்சமுனைக்கு வெளியே வலை போடப் போன வள்ளத்தில் இரண்டு பேர். மூன்றாம் நாள் கூடப்போனவனின் மையித்து கரை ஒதுங்கியது. ஹயாத்து முகம்மது ஒதுங்கவில்லை. ஊர் ஒரு கிழமை தேடியது, பிறகு ஆள் மவுத்துத்தான், இறந்தவருக்கு ஓதுகிற கத்தத்தை ஓதுவோமா என்று வந்து கேட்டது. வந்தவர்களை அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"மையித்தக் கொண்டு வாங்க. பொறவு ஓதுவம்."

மாப்பிள்ளையை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவை அவள் இருக்கவில்லை. நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியவள் எட்டாம் நாளே உப்பளத்துக்குப் பஸ் ஏறினாள். மாப்பிள்ளை எங்கே என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கடலுக்குப் போயிருக்கார்." சில பேர் பிடிவாதம் என்றார்கள், சில பேர் பைத்தியம் என்றார்கள். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்ச் சோறு தின்றுவிட்டுப் படுக்கும். தாயும் மகளும் அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை நாளும் நடமாடினார்கள். அது கைவிட்டுப் போனால் என்ன மிச்சம் என்று கமறியா நினைத்துப் பார்த்ததே இல்லை. நினைக்கப் பயம்.

வாக்காளர் பதிவுப் படிவம் வீட்டுக்கு வந்தபோதும் முதல் வரியில் அவனுடைய பெயரையே எழுதினாள். விட்டுவிட்டால் தன் கையாலேயே அவனுடைய குழியில் மண் தள்ளிய மாதிரி. போன மாதம் தபால்காரன் அவனுடைய பெயருக்கு வாக்காளர் அட்டை கொண்டுவந்து கொடுத்தான். அரசாங்கமே ஆளைத் தேடி அட்டை அனுப்பியிருக்கிறது, பிறகென்ன? அவள் அதை அலுமாரியில் அவனுடைய சேட்டுகளுக்கு மேலே வைத்தாள்.

தேர்தலுக்கு முந்திய கிழமை கணவனின் தம்பி ஹில்மி வந்தான். அச்சு அசல் அண்ணன்தான், தாடி மட்டும் கொஞ்சம் அடர்த்தி குறைவு. கடலில் போனவர்களின் குடும்பத்துக்கு ஏதோ நிவாரணம் வருகிறதாம், நானாவின் பழைய ஐடென்டி அட்டை இருந்தால் தரச் சொன்னான். உப்புத்தண்ணீரில் ஊறி மங்கிப்போனதென்று மாற்றிய அட்டை அது. புதியது அவனோடு போய்விட்டது. கமறியா தேடி எடுத்துக் கொடுத்தாள். பத்து வயதிலிருந்து மச்சி மச்சி என்று சுற்றித் தன் கையால் சோறு தின்ற பிள்ளையைச் சந்தேகப்பட அவளுக்குத் தெரியாது.

தேர்தலன்று விடியக் காலையிலேயே போய்விட்டாள். வாக்களிப்பு பின்னேரம் நாலு மணி வரைக்கும். நிலையத்துக்குப் பொறுப்பான பெரிய அலுவலர் சிலாபத்துச் சிங்களவர், தமிழை மெதுவாக, பிழையில்லாமல் பேசினார். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு முதல் மேசையில் இருந்தவள் மதுரங்குளியில் படிப்பிக்கிற ஃபாஹிமா. வருகிறவரின் அடையாள அட்டையை வாங்கி, பட்டியல் இலக்கத்தையும் பெயரையும் சத்தமாக வாசிப்பது அவளுடைய வேலை. சுவரோரம் வாங்கில் உட்கார்ந்திருக்கும் வேட்பாளர்களின் முகவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும், ஆட்சேபம் இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும்.

அந்த வாங்கில் பஸ்தியானும் இருந்தான். ஹயாத்து முகம்மது ஏறிப்போன வள்ளத்தின் சொந்தக்காரன். கவிழ்ந்த வள்ளத்தை இழுத்து வந்த அன்று, "தங்கச்சி, அவன் இல்ல, மனசத் தேத்திக்க" என்று முதலில் சொன்ன வாய் அவனுடையதுதான். அதற்குப் பிறகு கமறியா அவனோடு கதைத்ததில்லை. அன்றும் எல்லாருக்கும் தேத்தண்ணி கையில் கொடுத்தாள், அவனுடைய கோப்பையை மட்டும் வாங்கில் வைத்துவிட்டுப் போனாள். பஸ்தியான் எடுத்துக் குடித்தான்.

பகல் சாப்பாட்டு நேரம் வரிசை ஓய்ந்தது. மறைப்புத் துணி கழன்று தொங்க, கமறியா கதிரையில் ஏறி அதைக் கட்டிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஃபாஹிமாவின் குரல் கேட்டது.

"நானூற்றுப் பதினேழு. ஹயாத்து முகம்மது."

கமறியாவின் கை முதலில் போனது தலைமுக்காட்டுக்கு. மாப்பிள்ளை வாசலில் காலடி வைத்ததும் முக்காட்டைச் சரிசெய்கிற கை. இரண்டு வருடத்தில் அந்தப் பழக்கம் மறந்துபோயிருக்கும் என்று நினைத்திருந்தாள், கை மறக்கவில்லை. அவள் திரும்பினாள். மேசைக்கு முன்னால் அவன் நின்றான், அதே தோள், அதே பிடரி. ஒரு மூச்சு விடுகிற நேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்த நேரத்தைப் பற்றி அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

ஆள் முகத்தைத் திருப்பினான். ஹில்மி.

அவளை அங்கே அவன் எதிர்பார்க்கவில்லை.

வாங்கிலிருந்து பஸ்தியான் எழும்பினான். "சேர், ஆட்சேபம். இது அந்த ஆள் இல்ல."

பெரிய அலுவலர் அட்டையை வாங்கினார். மங்கிய படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அண்ணன் தம்பி ஜாடையில் அவரால் என்ன கண்டுபிடிக்க முடியும்? "படம் சரி மாதிரித்தான் இருக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பஸ்தியான் தரையைப் பார்த்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னால் யாருடைய காதில் விழும் என்று அவனுக்குத் தெரியும். ஃபாஹிமாதான் பட்டியலில் விரலை வைத்து, "சேர், அடுத்த பேர் கமறியா. அதே வீட்டு இலக்கம். நம்மட கமறியாத்தாதான்" என்றாள்.

அலுவலர் அவளைக் கூப்பிட்டார். கமறியா கதிரையிலிருந்து இறங்கி வந்தாள்.

"அம்மா, இவர் உங்கட மாப்பிள்ளையா?"

அறை முழுக்க அவளைப் பார்த்தது. வாசலில் பொலிஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே எட்டிப்பார்த்தார். ஹில்மியின் கண் கெஞ்சியது. சபையில் வேலை தருவதாக யாரோ ஒரு வேட்பாளர் சொன்னதை நம்பி வந்திருப்பான், வேறென்ன? ஒரு 'ஓம்' போதும். பிள்ளை தப்பிவிடுவான். ஹயாத்து முகம்மது வந்தார், வாக்குப் போட்டார் என்று அரசாங்கப் பட்டியலில் கோடு விழும். அதைவிட என்ன சாட்சி வேண்டும் அவளுக்கு? ஆசை அவளுடைய நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சோறு போட்டு வளர்த்த கொழுந்தனைக் காட்டி இத்தனை ஆண்களுக்கு நடுவில் மாப்பிள்ளை என்று சொல்வதா? அப்படிச் சொல்லி அவரை உயிரோடு வைத்திருந்து யாருக்கு என்ன?

"இல்ல சேர்," என்றாள். "இது அவர்ட தம்பி."

"அப்ப உங்கட மாப்பிள்ளை எங்க?"

பழகிய வாய் பழகியதைச் சொன்னது. "கடலுக்குப் போயிருக்கார்."

அலுவலர் நல்ல மனுசன். அவருக்கு ஒன்றும் தெரியாது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகவே கேட்டார்: "நாலு மணிக்கு முன்னம் வந்திருவாரா? வந்தா அவர்ட வாக்க அவரே போடலாம். அதுக்குத்தான் கேக்கிறன்."

பஸ்தியான் தலை நிமிரவேயில்லை. இரண்டு வருடமாக ஊர் சுற்றிச் சுற்றிக் கேட்டும் அவளை மடக்க முடியவில்லை, இந்த மனுசன் ஒரு மணி சொல்லிக் கேட்டுவிட்டார். நாலு மணிக்கு முன்னம். கமறியா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்று இருபது.

"வரமாட்டார் சேர்," என்றாள். "அவர் மவுத்து."

குரல் உடையவில்லை. அழுகையும் வரவில்லை. ஹில்மிதான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "மச்சி, என்ன மன்னிச்சிருங்க மச்சி" என்று அழுதான். பொலிஸ்காரர் அவனுடைய தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.

நாலு மணி வரைக்கும் அவள் வேலை செய்தாள். முகம் மூடி வந்த மூன்று பெண்களை மறைப்புக்குள் கூட்டிப்போனாள். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள், பஸ்தியானின் கோப்பையையும்தான். பெட்டிக்கு முத்திரை வைத்த பிறகு வாக்குமூலம் எழுதப் பொலிஸ்காரர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சாட்சிக்குப் பஸ்தியானும் நின்றான்.

"மாப்பிள்ளை மவுத்தான திகதி?"

கமறியா யோசித்தாள். வள்ளம் போன நாள் தெரியும், மற்றவனின் மையித்து வந்த நாள் தெரியும். இவருடைய நாள் எது?

"இண்டைக்கு," என்றாள்.

பொலிஸ்காரர் காலையிலிருந்து நின்று களைத்திருந்தார். கேட்டதை எழுதினார். பஸ்தியானுக்கு அது பிழை என்று தெரியும். ஆனாலும் பேனையை வாங்கிக் கீழே கையொப்பம் வைத்தான்.

"தங்கச்சி, ஹில்மிக்குப் பிணைக்கு நான் போறன்," என்றான். "நீ வீட்ட போ."

"ஓம் அண்ணன்," என்றாள் கமறியா. அந்த ஒரு சொல்லுக்காக அவன் இரண்டு வருடம் காத்திருந்தான். இப்படியா கிடைக்க வேண்டும் என்று இருந்தது அவனுக்கு.

விஷயம் அவளுக்கு முந்தியே வீட்டுக்குப் போயிருந்தது. றுஷ்னா ஒழுங்கை முனையில் நின்றாள். கண் தெரியாததால் தாய் கிட்ட வரும்வரை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"உம்மா, சாச்சாவப் பொலிஸ் புடிச்சதாமே?"

கமறியா காசு இருந்த கவரை எடுத்து மகளுடைய கையில் வைத்தாள். "கடைக்குப் போய் அரிசி வாங்கிட்டு வா மகள். அஞ்சு கிலோ. சீனியும் தேயிலையும். நாளைக்கு ஆக்கள் வரும். உம்மாக்கு இனி வெளிய போகேலா, நாலு மாசம் பத்து நாளைக்கு."

"இது கண்ணாடிக் காசு உம்மா."

"ஓம். வாப்பாக்குக் கத்தம் ஓதணும்."

றுஷ்னா கவரைப் பிடித்தபடி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கமறியா அவளைத் தூக்கவில்லை, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைக்கு யாரும் போகவில்லை.