சொதிக் கடைப் பலகையில் என்ன எழுதுவது?

என் பெயர் சங்கரலிங்கம். இன்று காலை நான் சொன்ன திருத்தம் ஒன்று என் மீதே திரும்பியதை முறைப்படி பதிவு செய்வதே இதன் நோக்கம்.

பாளையங்கோட்டையில், இலங்கை அகதிகள் முகாமைச் சேர்ந்த செல்வி என்ற பெண் புதிதாகக் கடை வைத்திருக்கிறார். பலகையில் 'இடியாப்பம், சொதி' என்று எழுதியிருக்கிறது.

எங்கள் திருநெல்வேலி வீடுகளில் சொதி என்பது கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. தேங்காய்ப்பாலில் காய்கறி நிறைந்து, கெட்டியாக, சோற்றோடு வரும். செல்வியின் சொதியோ மஞ்சளாக, தண்ணீராக இடியாப்பத்தின் மேல் ஓடியது. ருசியில் குறையில்லை. ஆனாலும் முறை என்று ஒன்று உண்டல்லவா?

"இது எங்க சொதி இல்லம்மா," என்றேன்.

"வாரவுக எல்லாரும் அதத்தான் சொல்லுதாக அண்ணாச்சி. மறுநா வரமாட்டேங்காக. இந்த மாசமும் இப்படியே போனா, கடைய மூடிட்டுப் பழையபடி ஜவுளிக் கடை வேலைக்குத்தான் போணும்."

"பலகையில 'இலங்கைச் சொதி'ன்னு தெளிவா எழுதிருங்க. குழப்பம் தீந்துரும்."

"நான் பொறந்து வளந்தது இங்கன முகாம்ல. இலங்கையப் பாத்ததே கிடையாது. அப்படி எழுதுனா பொய்யால்லா ஆயிரும்?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர், "அப்ப திருநெல்வேலிச் சொதின்னு எழுதிரு தாயி," என்றார்.

"எழுதலாம். இந்த அண்ணாச்சி சண்டைக்கு வந்துருவாகளே!"

கடையே சிரித்தது. அந்த நேரம் பார்த்து நான் இன்னொரு கரண்டி சொதி கேட்டிருக்கக் கூடாது.

பலகைக்கு ஏற்ற பெயரைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நாளை காலை ஏழு மணிக்கு, சொதி விஷயத்தில் கறாரான என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் அங்கே அழைத்துப் போகிறேன். வாதாட விரும்புவோர் முதலில் ஒரு தட்டு முழுவதும் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.