வரிசையில் முதல் தலை

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கடல் தாண்டி மெட்ராஸுக்குப் போய் வேறொருவருடையதை வைத்துக்கொண்டு வந்தது எண்பதுகளின் கடைசியில். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் தெருவே வந்து பார்த்தது. உப்பிக் கிடந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டுச் சாப்பிட்டார். மாமியார் அங்கேயே எல்லார் முன்னிலையிலும் நேர்ந்துகொண்டார்: தைப்பூசத்துக்குள் பத்துமலைக் கோயிலில் மகனுக்கு மொட்டை. கிள்ளானில் இருந்த கொழுந்தனாரின் குழந்தைக்கும் முதல் மொட்டை பாக்கி. அதையும் சேர்த்தே போட்டுவிடலாம் என்றார். ஒரே வேன், ஒரே சாப்பாடு. மாமியாருக்கு எதிலும் சிக்கனம்.

அதற்குப் பிறகு என் கணவரின் கண் மஞ்சளாயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். ஈரலைத் தாக்கும் பி கிருமி. மெட்ராஸ் போகுமுன் எடுத்த பரிசோதனையில் அது இல்லை. புதுச் சிறுநீரகத்தோடுதான் வந்திருக்க வேண்டும். கொடுத்தவரை யாரும் சரியாகச் சோதிக்கவில்லை. அந்த மனிதரை அங்கே வராந்தாவில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கட்டம் போட்ட கைலி, விலாவைப் பிடித்தபடி மெல்ல நடந்தார். தன் நோய் அவருக்கே தெரிந்திருக்காது. பிறகாவது யாராவது அவரிடம் சொன்னார்களா என்று நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் இருக்க மாத்திரை. அதே மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப்போடும், கிருமிக்குக் கொண்டாட்டம். நிறுத்தினால் சிறுநீரகம் போகும், தொடர்ந்தால் ஈரல் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். தட்டு, டம்ளரால் ஒட்டாது, ரத்தத்தால்தான் ஒட்டும், சவரக் கத்தியை மட்டும் பொதுவில் வைக்காதீர்கள் என்றார் டாக்டர். எனக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாதேம்மா. சொன்னா நாளைக்கே என் தட்டைத் தனியா வச்சிருவாங்க. சத்தியம் பண்ணு." செய்தேன். அழுகிற மனிதரிடம் வேறென்ன செய்வது?

மொட்டை நாள் நெருங்க நெருங்க எனக்குக் கோயிலில் எல்லாத் தலைக்கும் ஒரே கத்தி என்ற நினைப்பாகவே இருந்தது. வீட்டிலேயே எடுக்கலாமே என்றேன். முடி மலையடியில்தான் விழ வேண்டும் என்றார் மாமியார். சரி, குழந்தைக்காவது முதலில் எடுக்கலாமே என்றேன். "நேர்ந்துக்கிட்டவன் தலைதான் முதல்ல. அதுதான் முறை லா. உனக்கென்ன ஆச்சு?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். கணவரிடம் போனால், "லேசா எடுக்கச் சொல்றேன், ரத்தம் வராது" என்றார்.

"மாத்திரை சாப்பிட்டு மண்டை பூரா பரு. கத்தி பட்டா ரத்தம் வராம பன்னீரா வரும்?" என்றேன். அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

கடையில் ஒரு புதுச் சவரக் கத்தி வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பத்துமலையில் அன்று நல்ல கூட்டம். மொட்டையடிப்பவர் ஒரு தலை முடிந்ததும் கத்தியைத் தண்ணீரில் முக்கி, தோல்வாரில் தீட்டி, அடுத்த தலையைக் கூப்பிட்டார். எங்கள் முறை வந்ததும் என் கத்தியை நீட்டினேன். "அண்ணே, இதுல எடுங்கண்ணே."

"புதுக் கத்தி கைக்குப் பழகாதுக்கா. இதுல ஆயிரம் தலை பார்த்தாச்சு" என்று சிரித்தார். என் கணவர் என்னைப் பார்க்காமலே மணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். பின்னால் கொழுந்தனார் மனைவியின் இடுப்பில் குழந்தை, தன் சுருட்டை முடியைத் தானே பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால் யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். "அவர் ரத்தத்துல ஈரல் நோய் இருக்கு. அந்தக் கத்தி இன்னொரு தலையில படக்கூடாது."

மொட்டையடிப்பவர் கத்தியைப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து விலகினார். கொழுந்தனார் மனைவி குழந்தையை அள்ளிக்கொண்டு வேனுக்கு ஓடினாள். "இத்தனை நாளா வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு மறைச்சியாடி!" என்று மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். கணவர் மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

நான் அவர் பின்னால் உட்கார்ந்து, என் கத்தியால் நானே மழித்தேன். பழக்கமில்லாத கை, இரண்டு மூன்று இடத்தில் ரத்தம் வந்தது. சந்தனம் பூசும்போது, "சத்தியம் பண்ணியே" என்றார்.

அவர் பயந்தபடியே அவர் தட்டு தனியாயிற்று, டம்ளரும் தனியாயிற்று. டாக்டர் சொன்னதை எத்தனை முறை சொல்லியும் யார் காதிலும் ஏறவில்லை. கோபத்தில் என் தட்டையும் அவர் தட்டோடு சேர்த்து வைத்தேன். கொழுந்தனார் குடும்பம் வருவதே நின்றுபோனது. சில வருடங்களில் ஈரல் கெட்டு அவர் போய்விட்டார். சிறுநீரகம் கடைசிவரை நன்றாக வேலை செய்தது என்று டாக்டர் என்னிடம் ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கொழுந்தனார் தன் மகளைக் கூட்டி வந்திருந்தார், அன்று மொட்டை போடாமல் வேனுக்குத் தூக்கிப்போன அதே குழந்தை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, இடுப்புவரை இரட்டைப் பின்னல். நல்ல வெயில். டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"வேணாம் பெரியம்மா. பாட்டில் கொண்டு வந்திருக்கேன். இங்க எதையும் தொடக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

ஒரு பின்னலில் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. கட்டிவிடலாம் என்று கையை நீட்டினேன். அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.