லியோன் அமர்ந்து பார்த்து வாங்கிய அம்பிளிபயர்

யாழ்ப்பாணக் கடலோரத்துக் குருநகரில் லியோனைத் தலைக்கனம் பிடித்தவர் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். பின்னால் நின்று கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. மீன் சந்தையில் யாராவது எதையாவது கேட்டால் ஒரு சிரிப்போடு நகர்ந்துவிடுவார். உண்மையில் அவருக்குக் காது மிகவும் மந்தம். அது தெரிந்தவள் அவருடைய மனைவி றோஸ் ஒருத்திதான்.

லியோன் படகு எஞ்சின் திருத்துபவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் ஆண்டு, இருபது வயதில் அந்த வேலைக்கு வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, படகின் அடித்தட்டில் அதற்குப் பக்கத்திலேயே மணிக்கணக்காகக் குனிந்திருப்பார். ஐந்தாறு வருடத்தில் குருவிச் சத்தம் கேட்காமல் போயிற்று. பிறகு பூசை மணி. அதற்குப் பிறகு பேச்சிலும் பாதி. மெல்லிய ஒலிகள் எல்லாம் போய், தடித்த ஒலிகள் மாத்திரம் எங்கோ தூரத்தில் கேட்பது போல மிஞ்சின. றோஸ் அவரை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் வைத்தியர். லியோன் காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனார்.

வெளியே சொல்லாததற்குக் காரணம் இருந்தது. எஞ்சின்காரன் சத்தத்தை வைத்துத்தான் பழுதைச் சொல்வான் என்று படகுக்காரர்கள் நம்பினார்கள். காது கேளாதவனிடம் யார் எஞ்சினைக் கொடுப்பார்கள்? லியோன் எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கப் பழகியிருந்தார். அதில் அவர் பிழைவிட்டது குறைவு. முகத்துக்கு நேரே பேசுபவர்களின் வாயசைவைப் பார்த்துச் சொல்லைப் பிடிக்கவும் பழகியிருந்தார்.

றோஸின் அண்ணன் யாகோப்பு அக்கோடியன் வாசிப்பவர். கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருநாள்களுக்கும் போகும் ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவை அவர் நடத்திவந்தார். வெளிநாட்டுச் சாமான் நாட்டுக்குள் வராத காலம் அது. பேஸ் கிற்றாரைப் படத்தில்தான் பார்க்கலாம். அதற்குப் பதிலாக லியோன் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதில் ஒரு தடியை நிறுத்தி, மேலிருந்து கீழே ஒரு நைலோன் கயிற்றை இழுத்துக் கட்டினார். ஒரு காலைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு கயிற்றைச் சுண்டினால் அடித்தொனி வரும். தடியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் சுரத்தை மாற்றுவார். பெட்டி அதிர்வது காலுக்குத் தெரியும். தாளத்துக்கு யாகோப்பின் அக்கோடியன் விரிந்து சுருங்குவதைப் பார்த்துக்கொள்வார். எட்டு வருடம் இப்படியே போயிற்று. யாகோப்புக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

எழுபத்தேழுக்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. அடுத்த வருடமே யாழ்ப்பாண நகரத்தில் ஒரு வாத்தியக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேஸ் கிற்றார்கள் தொங்கின. யாகோப்பு அதைப் பார்த்துவிட்டு வந்து, "சனிக்கிழமை போவம் மச்சான். இனி உந்தப் பெட்டி வேண்டாம். சனம் சிரிக்குது," என்றார்.

லியோனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"கிற்றாரைக் கழுத்திலை கொழுவிக்கொண்டு நிண்டால் எனக்கென்ன தெரியும்? சத்தம் வேறை எங்கையோ ஒரு பெட்டியிலிருந்தெல்லோ வரும்," என்றார் றோஸிடம்.

றோஸ் அவருடைய முகத்துக்கு நேரே வந்து நின்று, "அப்ப அந்தப் பெட்டியிலை ஏறி இருங்கோ," என்றாள். கோபத்தில்தான் சொன்னாள். லியோன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கடைக்காரர் சோமசேகரம் அறுபது வயதுக்காரர். முன்பு றேடியோ திருத்தியவர். வாய் நிறைய வெற்றிலை. அடர்ந்த மீசை. அந்த வாயிலிருந்து ஒரு சொல்லையும் பார்த்துப் பிடிக்க முடியாது என்பது உள்ளே காலை வைத்தவுடனேயே லியோனுக்கு விளங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கிற்றார்களில் ஒன்று சிவப்பு, பளபளவென்று இருந்தது. மற்றது மண்ணிறம், பாரம் கூடியது. யாகோப்புக்குச் சிவப்பில்தான் கண். லியோன் இரண்டையும் மாறி மாறி மடியில் வைத்து, மேல்விளிம்பில் நாடியை ஊன்றிக்கொண்டு கழுத்திலுள்ள ஒவ்வொரு கட்டையாக அழுத்தித் தந்தியைச் சுண்டினார். கடையில் நின்ற இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். சிவப்புக் கிற்றாரின் மூன்றாங் கட்டையில் தந்தி எதிலோ உரசுவது அவருடைய தாடையில் தெரிந்தது. "இது வேண்டாம். கழுத்து நேரில்லை," என்றார். சோமசேகரம் வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்துக்குப் பார்த்தார். பிறகு அதைத் திரும்பக் கொழுவினார்.

அம்பிளிபயரில்தான் பிரச்சினை வந்தது. சின்னது ஒன்று, கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம். பெரியது மரத்தால் செய்த யப்பான் சாமான், இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். யாகோப்பு சின்னதைக் காட்டினார். லியோன் பெரியதன் வயரைக் கிற்றாரில் செருகினார். யாரிடமும் கேட்காமல் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

"தம்பி, அதிலை இருக்கக் கூடாது. எழும்புங்கோ," என்றார் சோமசேகரம், பின்னாலிருந்து.

லியோன் வாசித்தார்.

"தம்பி, உமக்குத்தான் சொல்லுறன். புதுச் சாமான்."

லியோன் வாசித்துக்கொண்டேயிருந்தார். சோமசேகரம் மேசையில் தட்டினார். கத்தினார். யாகோப்பும் "மச்சான்" என்று இரண்டு முறை கூப்பிட்டார். கடைசியில் சோமசேகரம் போய்ச் சுவரில் இருந்த சுவிச்சை நிறுத்தினார்.

அந்தக் கணமே லியோன் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார்.

கத்தியதற்குத் திரும்பாத மனிதன், பெட்டி நின்றதும் திரும்பியதை யாகோப்பு கண்டார். அவருடைய முகம் மாறிப்போயிற்று. "நாங்கள் பிறகு வாறம் ஐயா," என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கினார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"எவ்வளவு காலமா?" என்று கேட்டார் யாகோப்பு.

"பன்ரெண்டு வருசம்."

"றோஸுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

யாகோப்பு தேநீரைத் தொடவில்லை. நான்கு வருடத்துக்கு முந்தி, பாசையூரில் ஒரு கல்யாண வீட்டில், பின்னாலிருந்து பாட்டை நிறுத்தச் சொல்லியும் லியோன் நிறுத்தாததற்காக எல்லார் முன்னாலும் அவரைத் திட்டியிருந்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் பேச்சே இல்லை.

"அண்டைக்கு எவ்வளவு பேசினன். நீ ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே," என்றார்.

"சொன்னால் எஞ்சின் வேலையும் போகும். பாட்டும் போகும்."

"என்ரை தங்கச்சியும் என்னட்டை மறைச்சுப்போட்டாள்," என்று சொல்லிவிட்டு யாகோப்பு எழுந்து போய்விட்டார்.

மூன்று நாள் அவர் அந்தப் பக்கம் வரவில்லை. குழுவில் மேளம் அடிக்கும் செபமாலை, கிற்றார் வாசிக்கத் தெரிந்த பெடியன் ஒருவன் கொய்யாத்தோட்டத்தில் இருக்கிறான் என்று யாகோப்பிடம் சொன்னதாகக் கதை வந்தது. லியோன் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தார். அந்த நாள்களில் ஒரு படகுக்காரரின் எஞ்சினில் முதல்தடவையாகப் பழுதைப் பிழையாகச் சொன்னார். கையை வைத்திருந்தும் மனம் அங்கே இல்லை.

நாலாம் நாள் றோஸ் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"எட்டு வருசமாச்சு அண்ணை. ஒருநாளெண்டாலும் அவர் சுதி பிசகினவரோ?"

யாகோப்பு யோசித்தார். பாசையூரில் கூட லியோன் நிறுத்தாமல் விட்டாரே ஒழிய, பிசகவில்லை.

"இல்லை," என்றார்.

"அப்ப ஏன் வேறை பெடியனைத் தேடுறியள்?"

"நான் தேடேல்லை. செபமாலைதான் சொன்னவன்." பிறகு, "என்னட்டைச் சொல்லியிருக்கலாம் றோஸ்," என்றார்.

"சொல்லியிருக்கலாம்தான்," என்று றோஸ் ஒத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் திரும்பவும் கடைக்குப் போனார்கள். யாகோப்பு சோமசேகரத்திடம் உள்ளதைச் சொன்னார். சோமசேகரம் லியோனை ஒருமுறை ஏறஇறங்கப் பார்த்தார். வெளியே போய் வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அவருக்கு முன்னால் நின்றார்.

"இப்ப நான் கதைக்கிறது விளங்குதோ தம்பி?"

"விளங்குது ஐயா."

"அப்ப வடிவா ஏறி இருந்து பாரும்."

லியோன் மண்ணிறக் கிற்றாரோடு பெரிய அம்பிளிபயரில் ஏறி உட்கார்ந்தார். ஒவ்வொரு தந்தியாகப் பார்த்துவந்து, கடைசித் தடித்த தந்தியில் நின்றுவிட்டார். பெட்டிக்குள்ளே இடது பக்கம் ஏதோ தளர்ந்திருக்கிறது என்றார். யாகோப்புக்கு ஒன்றும் கேட்கவில்லை. சோமசேகரத்துக்கும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் பின்பலகையைக் கழற்றினார். ஸ்பீக்கரைப் பிடித்திருந்த திருகாணிகளில் இரண்டு பாதி கழன்று கிடந்தன. கொழும்பிலிருந்து லொறியில் வந்த குலுக்கலாக இருக்கும் என்று முணுமுணுத்தபடி முறுக்கிவிட்டார்.

குழு சேர்த்து வைத்திருந்த காசு சரியாகப் போயிற்று. வாடகைக் காருக்கு மிஞ்சவில்லை. ஒரு தள்ளுவண்டிலில் சாக்கை விரித்து அம்பிளிபயரை ஏற்றி, நகரத்திலிருந்து குருநகர் வரைக்கும் இருவரும் மாறி மாறித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வழி முழுக்க, அது என்ன பெட்டி என்று கேட்டவர்களுக்கெல்லாம் யாகோப்பு விளக்கம் சொன்னார். லியோன் வண்டிலின் சட்டத்தைப் பிடித்தபடி நடந்தார்.

அந்த வருட யாகப்பர் கோயில் திருநாளில் லியோன் மேடையில் அம்பிளிபயரின் மேல் உட்கார்ந்து வாசித்தார். அவருடைய காது விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. இரண்டு படகுக்காரர்கள் எஞ்சின் வேலையை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் நாலு மாதத்தில் திரும்பி வந்தார். மற்றவர் வரவில்லை. லியோனுக்கு அது உறுத்தத்தான் செய்தது. ஆனால் சந்தையில் ஆள்கள் அவருக்கு முன்னால் வந்து நின்று, வாயைத் திறந்து நிதானமாகப் பேசத் தொடங்கினார்கள். அவரும் நின்று பதில் சொல்லத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு நாலைந்து வருடம், புதுச் சாமான் வரும்போதெல்லாம் சோமசேகரம் ஆள் அனுப்புவார். சாவகச்சேரியிலும் வல்வெட்டித்துறையிலும் குழு வைத்திருந்தவர்கள் அம்பிளிபயர் வாங்க வந்தால், முதலில் லியோனைக் கூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போவார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு போய், பெட்டிகளில் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்து பார்ப்பார். எண்பத்தோராம் ஆண்டு ஒரே லொறியில் வந்த ஐந்து பெட்டிகளில் மூன்று சரியில்லை என்று சொல்லிவிட்டார். சோமசேகரம் மத்தியானம் வரைக்கும் அவரோடு வாதாடிப் பார்த்தார். பிறகு மூன்றையும் கட்டிக் கொழும்புக்கே திருப்பி அனுப்பினார்.